கரண்ட், காஸ், போன், தண்ணீர்: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி எடுப்பது, ரீலோட் போடுவது, பில் கட்டிக் கொடுப்பது. மின்சாரச் சிட்டை வந்த கிழமையில் கடை நிறையும். சிட்டையை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள், காசை எண்ணித் தரும்போதே கேள்வியும் வந்துவிடும். 2024இல் மின்சாரச் சட்டம் மாறிய நாளிலிருந்து அந்தக் கேள்விகள் கூடிவிட்டன. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குப் பத்து விதமாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் சட்டத்தையும் கட்டண அட்டவணைகளையும் வாசித்துப் பார்த்து இங்கே எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

தம்பி, கரண்ட் போர்ட்டை வித்துப்போட்டினமாம், உண்மையே?

இல்லை அம்மா. விற்கவில்லை, பிரிக்கிறார்கள். இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் 1ஆம் திகதி தொடங்கியது. மின்சாரத்தை உண்டாக்குவது, பெரிய கம்பியில் கொண்டு வருவது, வீட்டுக்கு வீடு கொடுப்பது எல்லாம் அந்த ஒரே சபையின் கையில்தான் இருந்தன. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் அதைப் பல கம்பனிகளாக உடைக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தில் தனியார் பங்கு வருவதற்கும் வழி இருந்தபடியால் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன.

2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி நான்கு கம்பனிகள். உற்பத்திக்கு ஒன்று, கடத்தலுக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, முழு முறைமையையும் இயக்கி யாரிடம் எவ்வளவு வாங்குவது என்று பார்க்க ஒன்று. நான்கும் அரசுக்கே முழுதாகச் சொந்தம்.

அரசாங்கத்திட்டையே இருக்குமெண்டால் பிறகேன் பிரிக்கிறது? ஒண்டா இருந்தால் என்ன குறை?

திருநெல்வேலிச் சந்தையை நினைத்துப் பாருங்கள். தோட்டம் செய்கிறவர், லொறியில் ஏற்றி வருகிறவர், மொத்தமாக வாங்குகிறவர், கூறு போட்டு விற்கிறவர் எல்லாரும் ஒரே ஆள் என்றால் கத்தரிக்காய் கிலோ என்ன விலைக்கு விளைந்தது என்று யாருக்காவது தெரியுமா? அவர் சொன்னதுதான் விலை. நட்டம் தோட்டத்தில் வந்ததா, லொறியில் வந்ததா, கடையில் அழுகிப் போனதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. மின்சார சபையின் நட்டத்தைப் பற்றி வருடக்கணக்காகப் பேசியும் எங்கே ஓட்டை என்பதில் எவரும் ஒத்துப்போகாததற்கு இது பெரிய காரணம்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். தானும் மின்சாரம் உண்டாக்கி, மற்றவர்களிடம் வாங்குவதா வேண்டாமா என்பதையும் தானே தீர்மானிக்கிற ஒருவர், மற்றவரின் மலிவான மின்சாரத்தை விட்டுத் தன்னுடையதை எடுக்கலாம். வாங்குகிறவரை விற்கிறவரிடமிருந்து பிரித்து வைத்தால் அந்தச் சந்தேகம் குறையும். பிரிப்பதால் மட்டும் பில் குறையாது. கணக்கு வெளியில் வரும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கட்டுப்பாட்டைத் தளர்த்துறது எண்டால் ஆரும் விரும்பினபடி விலையை ஏத்தலாம் எண்டதோ?

மூன்று சங்கதிகளை எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பிரிப்பது என்றால் மேலே சொன்னது. தனியார்மயம் என்றால் சொத்தை விற்பது. கட்டுப்பாட்டைத் தளர்த்துவது என்றால் ஒருவருக்கு மட்டும் இருந்த உரிமையை எடுத்து மற்றவர்களும் உள்ளே வர விடுவது. ஒன்று நடந்தால் மற்றது நடக்கத்தான் வேண்டும் என்றில்லை. சபையைப் பிரித்து எதையும் விற்காமல் விடலாம். ஒன்றையும் பிரிக்காமல் அப்படியே தூக்கி ஒரு தனியாருக்குக் கொடுக்கவும் முடியும். இரண்டாவதுதான் ஆகக் கெட்டது. காஸ் பற்றிய பதிலில் அதைச் சொல்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, மின்சாரத்துக்கு இப்போதும் விலை போட்டு ஒப்புதல் கொடுப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு. அதன் கதை கீழே வருகிறது.

சிம் மாத்துற மாதிரி நானும் கம்பனியை மாத்தலாமோ?

இப்போதைக்கு முடியாது. உங்கள் ஒழுங்கைக்குள் நிற்கும் மின்கம்பத்தைப் பாருங்கள். அதில் ஒரு கம்பிதான் போகிறது. நாலு கம்பனி நாலு கம்பம் நட்டு நாலு கம்பி இழுத்தால் அந்தச் செலவெல்லாம் உங்கள் சிட்டையில்தான் வரும். ஆகவே கம்பி எந்த ஊரிலும் ஒருவர் கையில்தான் இருக்கும். லெக்கோ கம்பனியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1983இல் தொடங்கியது. நீர்கொழும்பிலிருந்து காலி வரைக்கும் கரையோரத்தில் சில நகரங்களுக்கு அதுதான் மின்சாரம் கொடுக்கிறது. ஆனால் அங்கே இருக்கிறவரும் லெக்கோவா சபையா என்று தெரிவு செய்யவில்லை. இடத்தைப் பொறுத்து ஒருவர் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

கம்பி ஒன்றாக இருந்தும் விற்பவர் பலராக இருக்கலாம். மும்பையில் 2009 அளவில் அது நடந்தது. ஒரு கம்பனியின் கம்பியில் இருந்துகொண்டே பெருந்தொகையான வீட்டுக்காரர் மற்றக் கம்பனியிடம் மின்சாரம் வாங்கப் போனார்கள். கம்பிக்கு வாடகை, மின்சாரத்துக்கு விலை என்று பில் இரண்டாகப் பிரிந்தது. நமக்கும் ஒரு நாள் அப்படி வரலாம். வருவதற்கு முன் கம்பிக்காரர் எல்லாருக்கும் ஒரே வாடகைதான் வாங்க வேண்டும், தனக்கு வேண்டியவருக்குக் குறைக்கக் கூடாது என்ற சட்டம் பலமாக இருக்க வேண்டும்.

ஃபோனிலை போட்டி வந்து நல்லாத்தானே நடந்தது? கரண்டுக்கு மட்டும் ஏன் பயப்பிடுறியள்?

நல்லாகத்தான் நடந்தது, மறுக்கவில்லை. வெளிநாட்டுக் கோலுக்காகக் கொமியூனிக்கேஷன் கடை வாங்கில் வரிசையாக இருந்த காலத்தை என் வயதுக்காரர் மறக்க மாட்டார்கள். உள்ளே மரக்கூடு, கதவில் கண்ணாடி, மேசையில் மணிக்கூடு. நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா அழத் தொடங்கினால் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கண் கலங்கும். அங்கிருந்து ஆளுக்கு இரண்டு சிம் என்ற நிலைக்கு வந்தது போட்டியால்தான். இலங்கையில் கையடக்கத் தொலைபேசி 1989இலேயே வந்துவிட்டது. 1997இல் அரச தொலைபேசிக் கம்பனியான ரெலிக்கொமின் 35 வீதத்தை யப்பானின் என்.ரி.ரி. கம்பனி வாங்கியது. கம்பனிகள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டன.

ஆனால் ஃபோனுக்குக் கம்பி தேவையில்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் கோபுரத்தைத் தானே கட்டலாம். அதுதான் முதல் வித்தியாசம். இரண்டாவது, போட்டியும் தானாக நிலைக்காது. எயார்டெல் 2009 தொடக்கத்தில் வந்தபோது ஐந்து கம்பனிகள் இருந்தன. விலைப்போர் மூண்டு, 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று அடிவிலை போட வேண்டி வந்தது. 2018இல் ஹட்ச்சும் எற்றிசலாற்றும் சேர்ந்தன. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றுதான். ஐந்து மூன்றாகும்போது உங்களை யாரும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டால் போதாது, உள்ளே வந்தவர்கள் ஒருவரை ஒருவர் விழுங்காமலும் யாராவது பார்க்க வேண்டும்.

காஸ் அரசாங்கத்திட்டை இருந்து தனியாருக்குப் போய்த் திரும்பி வந்ததாமே?

ஓம். 1995இல் கொழும்பு காஸ் கம்பனியின் 51 வீதத்தை ஷெல் வாங்கியது. அதோடு ஐந்து வருடத்துக்கு வேறு யாரும் காஸ் விற்க முடியாது என்ற தனியுரிமையும் கிடைத்தது. இதைத்தான் ஆகக் கெட்டது என்றேன். அரசின் தனியுரிமை தனியாரின் தனியுரிமையாக மாறியது, வாங்குகிறவருக்கு முன்னும் ஒரு கடை, பின்னும் ஒரு கடை. லாஃப்ஸ் என்ற மற்றக் கம்பனி வந்த பிறகுதான் இரண்டாவது நிறச் சிலிண்டரைக் கண்டோம். 2010இல் அரசாங்கம் ஷெல்லின் பங்கைத் திரும்ப வாங்கியது, அதுதான் இன்றைய லிற்றோ.

இரண்டு கம்பனி இருந்தும் தெரிவு முழுதாக வரவில்லை. ஒரு நிறச் சிலிண்டர் வைத்திருப்பவர் மற்றதுக்கு மாறுவதென்றால் வெறும் சிலிண்டருக்கே திரும்பக் காசு கட்ட வேண்டும். மாறுவதற்கு இவ்வளவு செலவு என்றால் அந்தத் தெரிவு கடைப்பலகையில்தான் இருக்கிறது. எந்தச் சேவையானாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இவரை விட்டுப் போவதற்கு எனக்கு எவ்வளவு செலவு?

பெற்றோல் ஷெட்டிலை மூண்டு கம்பனிப் போர்ட் நிக்குது, விலை ஏன் ஒண்டாவே கிடக்கு?

லங்கா ஐ.ஓ.சி. 2003இல் வந்தது, சினோபெக் 2023இல். பெரிய விற்பனையாளர் அரச கூட்டுத்தாபனம். அது விலையை அறிவித்ததும் மற்றவர்களும் அதையொட்டியே போடுகிறார்கள். ஆகவே போட்டி விலையில் இல்லை, தட்டுப்பாட்டு நேரத்தில்தான் அதன் அருமை தெரிகிறது. 2022இல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போன மாசம் 60, இந்த மாசம் 61. ஒரு யூனிற்றுக்கு இவ்வளவோ?

கடையில் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படுவது இதுதான். வீட்டுக் கட்டணத்தில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. மாதம் 60 அலகுக்குள் எரிப்பவருக்கு ஒன்று, தாண்டுபவருக்கு வேறொன்று. 2025 ஜூன் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 60க்குள் என்றால் முதல் 30 அலகு 4.50 ரூபா, அடுத்த 30 அலகு 8 ரூபா. ஆக 60 அலகுக்கு 375 ரூபா. 61ஆவது அலகு எரிந்ததும் பழைய 60 அலகும் 12.75 ரூபா விலைக்குப் போய்விடும். 765 ரூபா, மேலதிகமாக ஒரு அலகுக்கு 18.50. மொத்தம் 783.50. நிலையான கட்டணமும் கூடும். அந்த ஒரு அலகு 18 ரூபாவில் நிற்பதில்லை, மற்ற அறுபதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த அட்டவணை 30 நாளுக்கு உரியது. மீற்றர் பார்க்கிறவர் பிந்தி வந்து 34 நாளுக்கு எழுதினால் எல்லையும் அதற்கேற்பக் கூட வேண்டும். சிட்டையில் எத்தனை நாள் என்று போட்டிருப்பார்கள், அலகைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். அட்டவணை மாறும்போது நான் கடைச் சுவரில் புதியதை ஒட்டுகிறேன். போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம்.

விலையை ஆர் முடிவெடுக்கினம்? மந்திரியோ, போர்ட்டோ?

மின்சாரம் விற்பவர் கேட்பார். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கணக்கைப் பார்த்து, பொதுமக்களின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு சொல்லும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பிறகு இறங்கத் தொடங்கி 2023 ஜூலையில் 14.2 வீதம் குறைந்தது, ஒக்டோபரில் 18 வீதம் திரும்ப ஏறியது, 2024 மார்ச்சில் 21.9 வீதமும் ஜூலையில் 22.5 வீதமும் குறைந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து ஜூனில் 15 வீதம் கூடியது. அதே ஆண்டு ஒக்டோபரில் சபை 6.8 வீதம் கூட்டக் கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது. நடுவர் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நானும் கடையில் நின்றவர்களும் உணர்ந்தோம்.

நடுவரின் மறுபக்கமும் தெரிய வேண்டும். 2023இல் கட்டண உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்கவை அந்த மே மாதம் பாராளுமன்றம் வாக்கெடுத்துப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் சொன்னதெல்லாம் சரியா பிழையா என்பது வேறு கதை. ஆட்சியில் இருப்பவருக்குப் பிடிக்காத முடிவை எடுத்தால் கதிரை போய்விடும் என்றால் அடுத்து வருகிறவர் எப்படித் துணிவார்? சந்தையைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இந்தக் கதிரையை உறுதியாக்குவது என்று நான் நம்புகிறேன். கம்பியில் தெரிவு கிடையாது என்று சிம் கேள்விக்குச் சொன்னேன் அல்லவா. தெரிவு இல்லாத இடத்தில் நமக்காகப் பேரம் பேச இந்த ஒரு ஆணைக்குழுதான் இருக்கிறது.

தனியார் வந்தால் ஏழையளின்ரை சலுகை போயிடுமோ?

போகத்தான் வேண்டும் என்றில்லை, ஆனால் இன்றைய முறையில் அது ஆபத்தில்தான் இருக்கிறது. இப்போது கூடுதலாக எரிப்பவரிடமும் கடைகள், நிறுவனங்களிடமும் கூட வாங்கித்தான் 30 அலகு எரிப்பவருக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள். நாளைக்கு ஒரு புதுக் கம்பனி வந்தால் முதலில் யாரைத் தேடிப் போகும்? பெரிய ஹோட்டலையும் ஐஸ் தொழிற்சாலையையும்தான். நல்ல பில் கட்டுகிறவர்கள் அங்கே போனால் பழைய கம்பனியிடம் மிஞ்சுவது 30 அலகுக் குடும்பங்கள். பிறகு அவர்களுக்கு யார் கொடுப்பது?

இதற்கு வழி இருக்கிறது. சலுகையை விலைக்குள் ஒளித்து வைக்காமல் வெளியில் எடுத்து, இன்ன குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கமே வரவு செலவுத் திட்டத்திலிருந்து கொடுக்கலாம். அல்லது புதிதாக வருகிற ஒவ்வொரு கம்பனியும் விற்கும் ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பொது நிதிக்குச் சேர்க்க வேண்டும் என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதலாம். எப்படிச் செய்தாலும் கதவைத் திறந்த பிறகு யோசிக்கிற காரியம் இல்லை இது. முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

சுன்னாகத்துத் தண்ணி மாதிரித் திரும்ப நடந்தால் ஆரைப் பிடிக்கிறது?

இதைக் கேட்ட ஐயா ஒரு சோடாப் போத்தலைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுத்தான் கேட்டார். 2015இல் தன் கிணற்றில் அள்ளி வைத்த தண்ணீர். மேலே மெல்லிய படலமாக எண்ணெய், வெளிச்சத்தில் பிடித்தால் மயில் கழுத்து நிறம். இன்றைக்கும் எறியாமல் வைத்திருக்கிறார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: போரில் வடக்குக்கான பெரிய மின்கம்பிகள் அழிந்த பிறகு யாழ்ப்பாணம் தேசிய மின்கட்டமைப்போடு தொடுப்பில்லாமல் டீசலிலும் உலை எண்ணெயிலும் ஓடும் இயந்திரங்களை நம்பியிருந்தது. சுன்னாகத்தில் தனியார் மின்நிலையம் ஒன்று ஓடியது. சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. நமது மண் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றியது கீழே போய்ச் சேர அதிக காலம் எடுக்காது. கிணற்றை மூடிவிட்டு பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்ற குடும்பங்கள் எத்தனை. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு அந்தக் கம்பனி 2 கோடி ரூபா வரை நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று.

நீதி வந்தது, நான்கு வருடம் கழித்து, ஒரு தனி மனிதர் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் வந்தது. அந்த நான்கு வருடமும் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? உரிமம் கொடுக்கும்போதே கழிவு எண்ணெய் எங்கே போகிறது, யார் மாதாமாதம் அளக்கிறார், அளந்த கணக்கை ஊர் மக்கள் எங்கே பார்க்கலாம், கெட்டுப்போனால் உடனே எடுக்க எவ்வளவு வைப்புப் பணம் கட்டியிருக்கிறார் என்று எழுதியிருக்க வேண்டும். பாவனையாளர் என்றால் பில் கட்டுகிறவர் மட்டும்தான் என்று நினைக்கிறோம். மின்நிலைய மதிலுக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கிறவரையும் அந்தப் பாதுகாப்புக்குள் சேர்க்க வேண்டும் என்பது சுன்னாகம் நமக்குக் காட்டியது.

நெடுந்தீவுக்கு எந்தக் கம்பனி வரப்போகுது?

லாபத்துக்காக எதுவும் வராது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசியக் கட்டமைப்போடு இணையாதவை. டீசலைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் எரித்துத்தான் அங்கே பல்பு எரிந்தது. அந்த மின்சாரத்தின் உண்மையான விலையைத் தீவார் கட்ட வேண்டும் என்றால் ஒருவரும் அங்கே இருக்க மாட்டார்கள். சூரியசக்தி, காற்று, மின்கலம், டீசல் எல்லாம் சேர்ந்த நிலையங்களை அமைக்கும் வேலையை முதலில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்து, பிறகு அது நின்று, இந்திய அரசின் நன்கொடையில் 2024 மார்ச்சில் புது ஒப்பந்தம் கைச்சாத்தானது.

சந்தையைத் திறக்கும் எந்தச் சட்டத்திலும் முதலில் தேட வேண்டிய வரி இது: விநியோகம் செய்பவர் தன் எல்லைக்குள் கேட்கும் எல்லாருக்கும் அதே விலையில் கொடுக்க வேண்டும், தூரம் என்று சாட்டுச் சொல்லக் கூடாது. நகரத்தை ஒருவருக்கும் தீவை யாருக்கும் இல்லாமலும் பிரித்துக் கொடுக்க விடக் கூடாது.

சோலர் போட்டால் உவையளின்ரை கரைச்சல் ஒண்டும் எனக்கில்லைத்தானே?

பெரும் பகுதி குறையும். கூரைக்கு வெயில் விழுகிற வீடும் கையில் முதலும் இருந்தால் நானும் போடச் சொல்வேன். 2016இல் தொடங்கிய சூரிய சக்தித் திட்டத்துக்குப் பிறகு இங்கேயும் கூரைகள் நீலமாகிவிட்டன. மின்சாரத்தில் பாவனையாளருக்கு உண்மையான தெரிவு கிடைத்த ஒரே இடம் இது என்றுகூடச் சொல்லலாம். வாங்குகிறவர் விற்கிறவரும் ஆனார்.

ஆனால் கம்பியை விட்டு நீங்கள் போகவில்லை. பகலில் விற்று இரவில் வாங்குகிறீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்குச் சாதாரண சோலர் வீடுகளும் இருண்டன. மின்கலம் இல்லாத அமைப்பு கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானாக நின்றுவிடும். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு ஏப்ரல் 13 முதல் 21 வரை காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி சபை கேட்டது, பாவனை குறைந்து உற்பத்தி மிஞ்சியதால். ஆகவே போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டைப் பாருங்கள். அலகுக்குத் தரும் விலை எத்தனை வருடத்துக்கு மாறாது, நிறுத்தச் சொல்லும் நாளுக்கு நட்டஈடு உண்டா. புதிதாகப் போடுபவருக்குக் கொடுக்கும் விலை பலமுறை மாறியிருக்கிறது, பக்கத்து வீட்டார் வாங்கும் விலையை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

லண்டனிலை எங்கட பெடியன் வருசா வருசம் கரண்ட் கம்பனி மாத்துறானாம். எங்களுக்கேன் ஏலாது?

பிரித்தானியாவில் 1999 அளவில் எல்லா வீட்டுக்காரருக்கும் அந்த உரிமை வந்துவிட்டது, உண்மைதான். மும்பைக்குச் சொன்ன அதே முறை, கம்பி ஒருவர், விற்பவர் பலர். உங்கள் மகனிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 2021, 2022இல் எரிவாயு விலை எகிறியபோது அங்கே ஏறக்குறைய 30 கம்பனிகள் முறிந்தன. விலை ஏறினால் தாங்குவதற்குக் கையில் காசில்லாத கம்பனிகளுக்கெல்லாம் உரிமம் கொடுத்திருந்தார்கள். வீடுகள் இருளவில்லை, ஏனென்றால் முறிந்த கம்பனியின் ஆட்களை வேறொரு கம்பனி உடனே ஏற்க வேண்டும் என்ற விதி இருந்தது. அந்தச் செலவு எல்லாருடைய பில்லிலும் ஏறியது. மாறாமல் ஒரே கம்பனியோடு இருந்த வயதானவர்களிடம் கூட வாங்குகிறார்கள் என்று 2019 தொடக்கத்திலேயே உச்சவிலையும் போட வேண்டி வந்தது.

அமெரிக்காவின் டெக்சாஸ் இன்னும் தூரம் போனது. 2021 பெப்ரவரிப் பனிப்புயலில் மொத்தச் சந்தை விலை ஒரு மெகாவாற்று மணிக்கு 9,000 டொலரைத் தொட்டது. சந்தை விலையை அப்படியே கட்டும் திட்டத்தில் இருந்த வீடுகளுக்குச் சில நாள் மின்சாரத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது. தெரிவு வேண்டும், ஆனால் அந்த மாதிரித் திட்டத்தைச் சாதாரண வீட்டுக்காரருக்கு விற்க விடக் கூடாது.

தண்ணியும் இப்பிடிக் கம்பனியாப் போகுமோ?

தண்ணீரை நான் இதற்குள் சேர்க்க மாட்டேன். மின்சாரத்தை எங்கே உண்டாக்கினாலும் ஒரே கம்பியில் கலக்கலாம். தண்ணீர் அப்படி இல்லை, ஒரு ஊருக்கு ஒரு ஊற்று, ஒரு குழாய். நமக்கு இதுவரை கிணறுதான் தெரிவு. அந்தக் கிணறு உப்பாகிக்கொண்டும், உரமும் மலக்கழிவும் கலந்துகொண்டும் இருக்கிறது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை இங்கே கொண்டு வரும் யோசனை அங்குள்ள விவசாயிகளின் எதிர்ப்பில் சிக்கியது, அவர்களின் நியாயமும் நியாயம்தான். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறையத் தேவை. மின்சார விலையில் விடும் பிழை இனிமேல் குடிக்கும் தண்ணீரிலும் வரும்.

அதானி விட்டிட்டுப் போனது எங்களுக்கு லாபமோ நட்டமோ?

இந்தியாவின் அதானி கம்பனி போட இருந்தது மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலை. 20 வருடத்துக்கு அலகொன்று 8.26 அமெரிக்கச் சதம் என்று 2024இல் உடன்பட்டார்கள். ஆட்சி மாறியதும் விலையைத் திரும்பப் பேசப் புறப்பட்டார்கள், 2025 பெப்ரவரியில் கம்பனி விலகியது. கூடிய விலை என்று சிலர், முதலீட்டாளர் பயந்து ஓடுகிறார் என்று சிலர். கடையில் இதற்காகச் சண்டையே நடந்தது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்த விலை கூடவா குறைவா என்று நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், திறந்த விலைமனுக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் தெரிவு செய்ய முடியாத இடத்தில் அவருக்காக நடக்க வேண்டிய போட்டி அந்த விலைமனுவில்தான் நடக்க வேண்டும். நாலு பேர் விலை போட்டு ஆகக் குறைந்ததை எடுத்திருந்தால் பிறகு வந்த அரசாங்கமும் அதைத் தொட யோசித்திருக்கும், கம்பனிக்கும் அது பாதுகாப்பு. பூநகரிக் காற்று எங்கேயும் போய்விடவில்லை. அடுத்த ஒப்பந்தம் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

நான் ஒருத்தி எழுதி என்ன நடக்கப்போகுது?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு மாதம் என் வீட்டுச் சிட்டையில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு அலகு. மீற்றரில் 3 என்று இருந்ததை 8 என்று எழுதிவிட்டார்கள். கந்தோருக்குப் போனேன். வாயால் சொன்னதற்கு ஒரு பலனும் இல்லை, அடுத்த மாதம் சரி வரும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் முழுத் தொகைக்கும் சிவப்பு நோட்டீஸ் வந்தது. திரும்ப மீற்றரின் படத்தைத் திகதியோடு பிரதி எடுத்து, கடிதமாக எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றதில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பத்து நாளில் திருத்திய சிட்டை வந்தது.

ஆகவே, மீற்றர் பார்க்க வருகிற அன்றைக்கு நீங்களும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிழை என்றால் முதலில் மின்சாரக் கந்தோருக்கு எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். கட்டணம் மாற்ற முன் அவர்கள் மாகாணங்களிலும் கூட்டம் வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். அடுத்த கூட்டத்தின் திகதி தெரிந்ததும் கடைப்பலகையில் எழுதிவிடுகிறேன். எழுதத் தெரியாதவர்கள் சிட்டையைக் கொண்டு வாருங்கள், கடிதத்துக்குக் காசு வாங்க மாட்டேன்.